வளையத்துக்கு ஒரு நிமிடம்

நேற்றுக் காலை எட்டு ஐம்பத்து மூன்று மணிக்கு நீங்கள் ஏன் சிரித்தீர்கள்? இதுதான் கேள்வி. தாளின் தலையில் கம்பெனி முத்திரை, அதற்குக் கீழே தேதி, என் பெயர் கோகிலவாணி, ஆய்வாளர் எண் பதினான்கு, அப்புறம் இந்த ஒரு வரி, அதற்கும் கீழே ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் 'ஏன்' என்று அச்சடித்திருக்கிறது. முதல் ஏனுக்குப் பதில் எழுதினால் அந்தப் பதிலைப் பிடித்து இரண்டாவது ஏன் கேட்கும், அதைப் பிடித்து மூன்றாவது கேட்கும், இப்படியே இறங்கிப் போனால் ஐந்தாவது கட்டத்தில் உண்மையான காரணம் வந்து மாட்டிக்கொள்ளும் என்பது எங்கள் கம்பெனியின் நம்பிக்கை. இயந்திரம் நின்றால் இந்தத் தாள். தரையில் எண்ணெய் சிந்தினால் இந்தத் தாள். சிரித்ததற்கு இந்தத் தாளை வாங்கிய முதல் ஆள் நான்தான், பதினொரு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே முதலிடம். கம்பெனி பஸ் இப்போதுதான் கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டியிருக்கிறது. எட்டு நாற்பதுக்கு ஓசூர் கேட், எட்டு ஐம்பதுக்குக் காலைக் கூட்டம், கூட்டத்தில் தப்புச் செய்தவர் தன் தாளைத் தானே உரக்க வாசிக்க வேண்டும். அதற்குள் இந்த ஐந்து கட்டத்தையும் நிரப்பியாக வேண்டும். நேற்று ராத்திரியே எழுதியிருக்கலாம், எழுதவில்லை, துவைத்த துணியை மடித்தேன், மடித்ததையே திரும்ப மடித்தேன். என்னோடு ஆய்வு அறையில் வேலை பார்க்கும் ராமக்கா என் இடது தோளில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவர் தலையும் என் பேனாவும் சேர்ந்து குதிக்கின்றன. முதல் கட்டத்தில் இதுவரைக்கும் ஒரு புள்ளி இருக்கிறது.

சிரித்தது ஒன்றும் பெரிய சிரிப்பு இல்லை. மூக்கு வழியாக வந்த சிரிப்பு. ஆனால் வந்த இடம் அப்படி. நாங்கள் செய்வது லாரி பிரேக்குக்குள் உட்காரும் ரப்பர் வளையம், கறுப்பு, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு வளையம் பழுது என்று வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தால் அதற்காக எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும். தர மேலாளர் மாதப்பன் சார் கொண்டுவந்த வழக்கம் இது. கேட்டை ஒட்டிய ஷெட்டில் மேஜை போட்டு, எவர்சில்வர் தட்டில் சிவப்புத் துணி விரித்து, திரும்பி வந்த வளையத்தை நடுவில் வைப்பார்கள். மூன்று நாள் அங்கேயே இருக்கும், அப்புறம் கண்ணாடி அலமாரிக்குப் போகும். முதல் தடவை வாட்ச்மேன் ஏதோ பூஜை என்று நினைத்து ஒரு சாமந்திப் பூவை வைத்துவிட்டார். அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை, அன்றிலிருந்து ஒவ்வொரு வளையத்துக்கும் பூ உண்டு. நேற்று ஐந்தாவது வளையம். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து முன்வரிசையில் நின்றிருந்தார்கள். நூற்றிருபது பேர் தலையைக் குனிந்து, கையைக் கட்டி நிற்கிறோம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்போது எனக்குப் பின்னால், ஒப்பந்த ஆட்கள் நிற்கும் கடைசி வரிசையிலிருந்து ராமக்கா, துக்க வீட்டு வாசலில் பக்கத்து ஆளிடம் கேட்கிற அதே தாழ்ந்த குரலில், "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். பூவும் சிவப்புத் துணியும் தட்டும் குனிந்த தலைகளும் எல்லாமாகச் சேர்ந்து என் வயிற்றில் முட்டிக்கொண்டு மேலே வந்தன. உதட்டைக் கடித்தேன், நகத்தால் உள்ளங்கையைக் குத்தினேன், எல்லாம் செய்தேன், நிற்கவில்லை.

நான் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. ராமக்கா சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. அதுதான் இப்போது சிக்கல். நேற்றுச் சாயங்காலம் ஹெச்.ஆர். ஷர்மிளா மேடம் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தாளின் கடைசியில் இருக்கும் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். 'காரணமானவர் பெயர்.' நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பெயரை எழுதிவிடுங்கள், உங்கள் பக்கம் முடிந்துவிடும் என்றார். குரலில் அத்தனை அக்கறை. வெள்ளிக்கிழமை பட்டியல் வரப்போகிறதே, அதையும் நினைத்துப் பாருங்கள் என்றார். நினைக்காமல் எங்கே போவேன். ஆய்வு அறைக்குக் குழுத் தலைவர் ஒருவரைப் போடுகிறார்கள், என் பெயர் அடிபடுகிறது. குழுத் தலைவருக்கு ஷிப்ட் மாறாது, எப்போதும் பகல் டூட்டி. மாதத்தில் பாதி நாள் நான் வீட்டுக்குப் போகும்போது நேத்ரா தூங்கிப்போயிருக்கிறாள், ஏழு வயசுப் பிள்ளையை நான் பாதி நாள் கண்ணை மூடின முகமாகவே பார்க்கிறேன். என் பெயரில் நடத்தைக் குறிப்பு ஒன்று ஏறினால் பட்டியல் போச்சு. ராமக்கா பெயரை எழுதினால் ராமக்காவே போச்சு. ஒப்பந்த ஆளுக்குத் தாளும் கிடையாது, ஐந்து ஏனும் கிடையாது, அடுத்த மாதம் கார்டு புதுப்பிக்க மாட்டார்கள், அவ்வளவு சுத்தம். இவருக்கு வயது நாற்பத்தெட்டு, இவருடைய புருஷன் படுக்கையில் இருக்கிறார், வேறு எந்தக் கம்பெனி எடுக்கும். தோள் மரத்துப்போய்விட்டது, அசைத்தால் விழித்துக்கொள்வார். அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன், பெரிய தியாகி மாதிரி. நிஜத்தில் அவர் விழித்து என் மடியில் இருக்கும் தாளைப் பார்த்துவிடுவாரோ என்ற பயம்தான்.

ஏன் சிரித்தீர்கள்? கவனக்குறைவு. இதுதான் எல்லோரும் எழுதுவது, மாதப்பன் சாரும் தலையாட்டிவிடுவார். ஏன் கவனக்குறைவு? தூக்கமின்மை. ஏன் தூக்கமின்மை? வீட்டுச் சூழல். நல்லா இருக்கிறதே, நாலு கட்டத்தில் பழி என் புருஷன் முனிராஜ் தலையில் விழுந்துவிடும், மாம்பழக்கூழ் ஆலையில் அவர் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் பாவம். நேற்று நடந்ததைச் சொன்னதும் அந்த மனுஷன் முதலில் கேட்டது என்ன தெரியுமா, நீ சிரிச்சியா, நிஜமாவா என்று. நீ கடைசியா சிரிச்சது தீபாவளிக்குத்தானே என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தீபாவளிக்கும் சிரித்ததாக ஞாபகம் இல்லை. தூக்கத்தில் நான் 'ஓகே, ஓகே, நாட் ஓகே' என்று சொல்கிறேனாம், கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கிறதாம். போன ஞாயிற்றுக்கிழமை நேத்ராவின் தண்ணீர் பாட்டில் மூடி உடைந்தது. அவள் அழவில்லை. மூடியைக் கொண்டுபோய்த் தலையணை மேல் சிவப்புத் துண்டு விரித்து வைத்தாள், அப்பாவைக் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிட்டாள், எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க என்றாள். முனிராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். நான் நின்றேன், தலை தானாகக் குனிந்தது, கை தானாகக் கட்டிக்கொண்டது, யார் உடைத்தது, ஏன் உடைத்தது என்று மனசுக்குள் கட்டம் கட்டமாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு நிமிடம் முடிந்து நிமிர்ந்தபோது பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நல்லா நின்னாங்க என்று அப்பாவிடம் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

குருபரப்பள்ளி போய்விட்டது. முன்னால் ஒரு டேங்கர் லாரி திடீரென்று வேகம் குறைக்க, எங்கள் டிரைவர் பிரேக்கை அழுத்துகிறார், பஸ் ஒரு முனகலோடு நிற்கிறது, ராமக்கா தலை என் தோளிலிருந்து வழுக்கித் திரும்பவும் தோளுக்கே வருகிறது. நின்றது. இந்தப் பஸ்ஸுக்குள்ளும் எங்கேயோ எங்கள் வளையம் மாதிரி ஒன்று இருக்கிறது, அது பழுதில்லாமல் இருந்ததால் நின்றது. எங்கள் வேலை விளையாட்டு வேலை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. மாதப்பன் சார் முன்பு இருந்த கம்பெனியில் ஒரு பிரேக் போய், மலைப்பாதையில் ஒரு டிரைவர் இறந்துபோனார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் வாயால் சொன்னதில்லை. யாரையும் அவர் அதட்டியதும் இல்லை, கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும், அதற்குத்தான் நாங்கள் அதிகம் நடுங்குவோம். மத்தியானம் தனியாக நின்றுகொண்டே சாப்பிடுவார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நிஜமான சாவு வீட்டிலேயே மத்தியானத்துக்குள் யாராவது சிரித்துவிடுகிறார்களே. அப்பா போன அன்று, அவர் சேலம் பஸ் என்று நினைத்துத் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடமே வழி சொல்லி வாதாடிய கதையை மாமா எடுத்துவிட்டார், அம்மா அழுத கண்ணோடு அப்படிச் சிரித்தாள். அப்பாவை யாரும் அவமதிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு அப்புறம்தான் அம்மா ஒரு வாய் காபி குடித்தாள். எங்கள் கம்பெனியில் மட்டும் ஒரு ரப்பர் வளையத்துக்குச் சிரிக்காமல் மூன்று நாள் துக்கம். சரி, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுதினால் திமிர் என்பார்கள்.

மலை தெரிகிறது, சூளகிரி வந்துகொண்டிருக்கிறது. ஜன்னல் வழியாகக் கொத்தமல்லித் தழை வாசனை, சந்தைக்குப் போகும் வண்டிகள். பசிக்கிறது, வெட்கம் கெட்ட வயிறு. மடியில் தாளை வைத்துக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், இட்லியைப் பார்த்ததும் வேண்டாம் என்று இருக்கிறது, மூடுகிறேன், மூடியின் உள்விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையம் கழன்று கையில் வருகிறது. அதை எடுத்ததும் என் இரண்டு கையும் என்னைக் கேட்காமல் வேலையை ஆரம்பித்துவிட்டன. ஆள்காட்டி விரலில் மாட்டி, பெருவிரலால் இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால், முழுச் சுற்று. ஓகே. இன்னொரு தடவை. ஓகே. இன்னொரு தடவை. ஒரு தடவை பார்த்தால் போதும் என்பதுதான் முறை. முன்பெல்லாம் ஒரு தடவைதான் பார்த்தோம். முதல் மௌனம் நின்றோமே, எட்டு மாதம் முன்னால், அதற்கு அப்புறம் அறையில் எல்லோரும் மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கையுறை போட்டிருந்தால் மயிரிழை மாதிரி இருக்கும் பிசிறு விரலுக்குத் தட்டுப்படாது, அதனால் கையுறையின் பெருவிரல் நுனியைக் கத்தரித்துக்கொண்டோம். அது முறைக்கு விரோதம், மேற்பார்வைக்கு வருகிறவர்கள் தலை தெரிந்ததும் பெருவிரலை உள்ளே மடக்கிக்கொள்வோம். பதினெட்டுப் பேரும் செய்கிறோம், பதினெட்டுப் பேருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன், நாலாவது தடவை. டிபன் பாக்ஸ் வளையத்தில் இதுவரை இல்லாத ஒரு கீறல் மின்னியது. பிறை மாதிரி வளைந்து, ஒரு பக்கம் ஆழமாக, மறுபக்கம் மங்கலாக. பஸ் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் எல்லாம் நின்றுபோனது மாதிரி இருந்தது.

இந்தப் பிறையை நான் பார்த்திருக்கிறேன். நேற்று. சிரிப்பை அடக்க முடியாமல் தலையைத் தூக்கினேனே, அந்த ஒரு நொடியில் மேஜையை ஒட்டிப் பக்கவாட்டில் நின்றிருந்த என் கண்ணில் தட்டிலிருந்த வளையம் பட்டது. குழல்விளக்கு வெளிச்சத்தில் அதன் உள்விளிம்பில் பிறை மாதிரி ஒரு கோடு மின்னியது. ரப்பர் வார்க்கும் அச்சில் கோளாறு என்று சொல்லி அச்சு செக்‌ஷன் ஆட்களை ஒரு வாரமாக வறுத்தெடுக்கிறார்கள். அச்சுக் கோளாறு இப்படி வளைந்து வராது, நேராக வரும், பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன். இது நகம். இழுத்து இழுத்துப் பார்த்ததில் பதிந்த பெருவிரல் நகம். எப்படி யாருக்கும் தெரியாமல் போனது? தெரியத்தான் விடவில்லையே. அதன் முன்னால் போனதும் எல்லோரும் தலையைக் குனிந்துவிடுகிறோம், ஒரு நிமிடம் முடிந்ததும் விலகிப் போகிறோம், அப்புறம் அது கண்ணாடிக்குள் போய்விடுகிறது. நூற்றிருபது பேர் நின்றும் ஒருவர்கூட அந்த வளையத்தைப் பார்க்கவில்லை. இரு, இரு, அவசரப்படாதே கோகிலா. முன்பு வருஷத்துக்கு ஒன்று திரும்பி வரும். மௌனம் ஆரம்பித்த எட்டு மாதத்தில் ஐந்து. பழுது வந்துவிடுமோ என்ற பயத்தில் மூன்று தடவை பார்த்தோம், பார்த்துப் பார்த்தே பழுதாக்கியிருக்கிறோம். நல்ல வளையத்தை. என் பெருவிரலைப் பார்க்கிறேன். நகம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது, ஒரு ஓரம் கூராக. அந்த ஐந்தில் எது என்னுடையது? ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். அந்தப் பிறை மலைப்பாதையில் ஒரு இறக்கத்தில் பிளந்திருந்தால். கை சில்லிட்டுப் போகிறது. இந்தப் பயம் நியாயமான பயம், இதை நான் பயந்தே ஆக வேண்டும். ஆனால் இதை எழுதினால் குழுத் தலைவர் வேலை போகும், கையுறையைக் கத்தரித்த குற்றம் வேறு சேரும். எழுதாவிட்டால் இன்றைக்கும் பதினெட்டுப் பேர் உட்கார்ந்து மூன்று மூன்று தடவை கீறப்போகிறோம். ராமக்கா பெயரை எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் பகல் டூட்டி. கேவலம், இப்படி ஒரு தராசு என் மடியிலா வர வேண்டும்.

காமன்தொட்டியில் ராமக்கா விழித்துக்கொண்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, என் மடியைப் பார்த்து, "என்னம்மா எழுதறே?" என்றார். நேத்து சிரிச்சதுக்கு என்றேன். கடைசி வரியை எழுதிவிட்டாயா என்று கேட்காமல், என் பெயரை எழுதிக்கொள் என்று ராமக்கா தானாகவே சொன்னார். உன் பிள்ளை சின்னவள், உனக்குப் பகல் டூட்டி வேண்டும், நான் வேறு எங்கேயாவது ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போய்க்கொள்கிறேன் என்று, ஏதோ கடைக்குப் போவதைச் சொல்வது போலச் சொன்னார். பேச்சை மாற்ற, நேற்றிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன், ஏன் ராமக்கா, சிரிக்க வைக்கணும்னுதான் அப்படிச் சொன்னீங்களா என்று. அவர் திரும்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "சிரிப்புக்கா? இல்ல கண்ணு. சீக்கிரம் எடுத்தாத்தான நம்ம பத்து மணி டார்கெட் முடியும். அதான் கேட்டேன்" என்றார். முகத்தில் பொட்டுக் கிண்டல் இல்லை. அவ்வளவுதான், எனக்கு மறுபடியும் வந்துவிட்டது, இந்தத் தடவை மூக்கு வழியாக இல்லை, வாய் விட்டு, கண்ணில் நீர் வர, டிபன் பாக்ஸ் மூடி கீழே விழ. முன் சீட்டு ஆட்கள் திரும்பினார்கள், டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். ராமக்காவுக்கு முதலில் புரியவில்லை, பிறகு அவர் கேட்டதை அவரே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். சிரித்து முடித்தபோது என் கை சூடாகிவிட்டிருந்தது. தலைக்குள் கட்டம் கட்டமாக ஓடிக்கொண்டிருந்ததும் நின்றிருந்தது.

ரப்பர் வளையத்தை அவரிடம் காட்டினேன். அவர் ஜன்னலுக்கு நேராகப் பிடித்து ஒரே தடவை பார்த்தார், கண்டுபிடித்துவிட்டார். தன் பெருவிரலைப் பார்த்தார், அதை மற்ற விரல்களுக்குள் ஒளித்துக்கொண்டார். என்னுதா இருந்தா என்றார். என்னுதாவும் இருக்கலாம் என்றேன். அவருடைய பையில் இல்லாத பொருள் கிடையாது, ஊக்கு, தைலம், பொரி, மாத்திரை, அதற்குள் துழாவி ஒரு நெயில் கட்டரை எடுத்து நீட்டினார். இப்ப வேண்டாம், முதல்ல இதைக் கூட்டத்துல காட்டணும் என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் நான் முடிவு செய்துவிட்டேன் என்பதே எனக்குத் தெரிந்தது. பேரண்டப்பள்ளி ஏற்றத்தில் பஸ் மெதுவாக ஏறும்போது எழுத ஆரம்பித்தேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. சிரிப்பு வந்ததால் சிரித்தேன் என்று எழுதினேன். உயிரோடு இருக்கிற நாங்கள் துக்க வீட்டில் நிற்பது போல நின்றிருந்ததால் சிரிப்பு வந்தது என்று எழுதினேன். பயத்தால் அப்படி நிற்கிறோம் என்று மூன்றாவதில். நாலாவது கட்டத்தில் இடம் போதவில்லை, பெருவிரல் உறையைக் கத்தரித்துக்கொண்டு மூன்று தடவை பார்ப்பதை, என்னைப் பற்றி மட்டும், நான் கத்தரித்தேன், நான் மூன்று தடவை பார்க்கிறேன் என்று எழுதி ஓரத்திலும் ஓட்டினேன். ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விட்டேன். காரணமானவர் பெயர் என்ற இடத்தில் கோகிலவாணி என்று எழுதினேன். ராமக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் தோளை இரண்டு தடவை தடவிக் கொடுத்தார். கேட் வந்துவிட்டது.

பைகளை லாக்கரில் வைப்பதற்கு முன்னால் கூட்டம், அதனால் எல்லோரும் தோளில் பையோடுதான் நிற்கிறோம். சிவப்புத் துணி, தட்டு, வளையம், நேற்றைய சாமந்தி வாடிக் கிடக்கிறது. என் எண்ணைக் கூப்பிட்டார்கள். வாசித்தேன். துக்க வீடு என்று வந்த இடத்தில் ஷர்மிளா மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பெருவிரல் என்று வந்த இடத்தில் ஆய்வு அறை ஆட்கள் பதினேழு பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். ஐந்தாவது கட்டம் என்று மாதப்பன் சார் தாழ்ந்த குரலில் கேட்டார். நான் பையைத் திறந்து டிபன் பாக்ஸ் மூடியின் வளையத்தை எடுத்து, தட்டில் அந்த வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்னிக்குக் காலையில பஸ்ல நான் போட்ட கீறல் சார் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், திரும்ப முதல் வளையத்தைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம், ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும். பிறகு அவர் கண்ணாடியை அச்சு செக்‌ஷன் ஆள் கையில் கொடுத்து விலகி நின்றார், அந்த ஆள் பார்த்து இன்னொருவருக்குக் கொடுத்தார். கூட்டம் மேஜையைச் சுற்றி நெருங்கி வந்தது. பார்க்க வசதியாக யாரோ பூவை எடுத்து ஓரமாக வைத்தார்கள்.

மாதப்பன் சார் தன்னுடைய பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும்தான் தினமும் அறைக்கு வந்து நாங்கள் சரி என்று சொன்ன வளையங்களை எடுத்து இழுத்து இழுத்துப் பார்ப்பார், அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் தாளை வாங்கி, கோப்பில் வைக்காமல், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைப் பட்டியலைப் பற்றி அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. "நெயில் கட்டர் யார்கிட்டயாவது இருக்கா?" என்று கேட்டார். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது, ராமக்காவின் கை. அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்று வருஷத்தில் இந்தக் கூட்டத்தில் அந்தக் கை உயர்ந்து நான் பார்த்ததில்லை. கட்டர் கை மாறிக் கை மாறி முன்னால் வந்தது. அவர் தன் பெருவிரல் நகத்தை வெட்டிக்கொண்டார், டக் டக் என்று ஷெட் முழுக்கக் கேட்டது, பிறகு என்னிடம் நீட்டினார். நான் வெட்டிக்கொண்டு பக்கத்து ஆளிடம் கொடுத்தேன், அவர் ஒரு நொடி தயங்கி வாங்கிக்கொண்டார், அவருக்கு அடுத்தவரும் வாங்கிக்கொண்டார். யார் யார் கீறியது என்று ஒருவரும் கேட்கவில்லை, வாங்காமல் விட்டவரும் இல்லை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து அதே துக்க வீட்டுக் குரல், "இத்தனை பேரும் வெட்டி முடிக்கப் பத்து மணி ஆயிடுமேம்மா" என்றது. நான் அடக்கிப் பார்க்கவே இல்லை. சிரித்தேன். சார் நிமிர்ந்தார். "ஏன் சிரிக்கறீங்க?" என்றார். தாளில் இருந்த அதே கேள்விதான், ஆனால் இந்தத் தடவை கேட்ட மனுஷன் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் ராமக்காவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். பத்து மணி ஆகிவிடும் என்று கவலைப்படுகிறார்கள் சார் என்று சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையில் நகர்ந்துகொண்டிருந்த கட்டரைப் பார்த்தார். "ஆகட்டும்" என்றார்.